அடியில் காலி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது. நானும் என் வீட்டுக்காரரும் டைல்ஸ் ஒட்டும் வேலை பார்க்கிறோம். ஒட்டுவது அவர். முடிந்ததும் வெறுங்காலோடு ஒவ்வொரு கல்லாக மிதித்துப் பார்ப்பது நான். அடியில் கலவை பிடிக்காமல் காலியாக இருந்தால், காதுக்குக் கேட்பதற்கு முன்பே என் குதிகாலுக்குத் தெரிந்துவிடும். அந்தக் கல்லில் சாக்பீஸால் குறி போடுவேன். அவர் முனகிக்கொண்டே பெயர்த்து மறுபடி ஒட்டுவார்.

எங்கள் மகளுக்கு இரண்டரை வயதாகியும் நடை வரவில்லை. பூசணி என்றுதான் கூப்பிடுவோம். என் மாமனார் கணுக்கால்வரை வருகிற தடித்த பூட்ஸ் வாங்கிக் கொடுத்திருந்தார். அதை மாட்டி நிறுத்தினால் தொப்பென்று உட்கார்ந்து வீட்டையே இரண்டாக்குவாள். "இன்னுமா நடக்கல?" என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் மறுபடி பூட்ஸை மாட்டி நிறுத்திப் பார்ப்பேன்.

கடைசியில் ஒரு கால் டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் அந்தப் பூட்ஸைக் கையில் எடுத்து மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை.

"ஏம்மா, நீங்க வெறுங்கால வெச்சுப் பொழைக்கிறவங்க. புள்ளைக்கு மட்டும் ஏன் இந்தப் பெட்டி? தரை எப்படியிருக்குன்னு அவ பாதத்துக்குத் தெரியணும், விரல் விரிஞ்சு பிடிக்கணும். வீட்டுல வெறுங்கால். வெளிய போனா மெல்லிசா, மடங்குற செருப்பு. அது போதும்."

அன்றே கழற்றினேன். நாலாம் நாள் பூசணி நின்றாள். ஆறாம் நாள் நடந்தாள். நான் அழுதுவிட்டேன். அவர் அழாத மாதிரி மூக்கைச் சிந்தினார்.

அந்தச் சந்தோஷத்தில் இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தேன். பூசணி மிதிக்கிற கல்லெல்லாம் காலியாகச் சத்தம் போட்டது. எங்கள் வீட்டுத் தரையை மிச்சக் கற்களை வைத்து அவர்தான் போட்டிருந்தார். சொந்த வீடுதானே என்று நான் மிதித்துப் பார்க்கவே இல்லை. வீட்டுக்கு வந்தால் குதிகால் வலிக்கிறதென்று தடித்த செருப்போடுதான் திரிவேன்.

"ஊருக்கெல்லாம் ஒழுங்கா போடுற மேஸ்திரி, நம்ம வீட்டுக்குக் கலவையில கஞ்சத்தனமா?" என்று பிடித்தேன் ஒரு பிடி.

"அடி போடி, ரெண்டு சட்டி கூடத்தான் போட்டேன்."

நாலு கல்லில் குறி போட்டேன். பெயர்த்தார். அடியில் கலவை இறுகிக் கிடந்தது, ஊசி நுழைய இடமில்லை. அவர் விசிலடித்துக்கொண்டே மறுபடி ஒட்டினார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு, பூசணி காலெடுத்த கல்மேல் உடனே என் காலை வைத்தேன். கல்லுக்கு அடியிலிருந்து ஒரு பாதம் என் பாதத்தோடு வந்து ஒட்டியது. சின்னப் பாதம், சில்லென்று இருந்தது. ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. தரைக்குக் கீழே, தலைகீழாக, உள்ளங்காலோடு உள்ளங்கால் வைத்து யாரோ நின்றார்கள். பூசணி அடுத்த அடி வைத்ததும் அது என்னை விட்டுவிட்டு அவளோடு போனது.

யாரிடம் சொல்வது? அவரிடம் சொன்னால் கிறுக்கு என்பார். இன்னொன்றும் உண்டு, மறைப்பானேன். பூசணி நடந்துகொண்டிருந்தாள். மறுபடி பூட்ஸை மாட்டினால் அது விலகும், அவள் நடையும் நின்றுபோகும். அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். பாவி, அது என் தப்பு.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், அவர் சிமெண்ட் வாங்கப் போயிருந்தார். பூசணி கூடத்தின் நடுவில் குனிந்து தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. தூக்கினேன். உடம்பு வந்தது, கால் வரவில்லை. இழுத்தால் வீறிட்டாள். அவள் பாதம் பனிக்கட்டியாக இருந்தது, நகமெல்லாம் நீலம். பாதத்தைச் சுற்றிக் கல் மெல்லக் குழிய ஆரம்பித்திருந்தது.

"ஏய், எம் புள்ளைய விடு!" என்று தரையை உதைத்தேன். விடவில்லை. கோபமெல்லாம் வடிந்துவிட்டது. அவள் பக்கத்தில் என் இரண்டு வெறுங்காலையும் ஊன்றினேன்.

"கூட நடக்க ஆளுதானே வேணும் உனக்கு? எங்கிட்ட வா. நாள் முழுக்க நடக்கிறவ நான். அவ சின்னப் புள்ள, எத்தனை தூரம் நடப்பா? வா கண்ணு, வா."

ஏன் கண்ணு என்றேனோ தெரியாது. அதுவும் ஒரு குழந்தையின் கால்தானே.

இடது காலில் குளிர் ஏறியது. பிறகு வலது காலில். பூசணி பொத்தென்று உட்கார்ந்தாள், எழுந்தாள், அடுப்படிக்கு ஓடினாள். முதல் தடவையாக ஓடினாள். அவள் காலடியில் தரை கெட்டியாகக் கேட்டது.

இப்போது நான் மிதிக்கிற கல்லெல்லாம் காலிதான். வேலைக்குப் போகிற இடத்தில் சாக்பீஸை அவரிடமே கொடுத்துவிட்டேன், கம்பால் தட்டிப் பார்த்துக்கொள்கிறார். "என்னடி, உன் கால் மழுங்கிப் போச்சா?" என்று கிண்டல் வேறு. நானும் சிரித்துவைக்கிறேன்.

நேற்று வேலையிடத்தில் ஆணி குத்திவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அவரே கட்டுப் போட்டு, தடித்த செருப்பை என் காலில் மாட்டிவிட்டார். "வெறுங்கால் நல்லதுதான், அதுக்காக ஆணி மேல நடக்கணுமா?" என்றார். இரண்டு மாதத்துக்குப் பிறகு பாதத்தில் சூடு பரவியது. அப்பாடா என்றிருந்தது. நாலடி நடந்திருப்பேன். பக்கத்து அறையில் ஓடிக்கொண்டிருந்த பூசணியின் காலடிச் சத்தம் சட்டென்று நின்றது.

செருப்பை உதறி எறிந்தேன். கட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு, ஆணி குத்திய காலாலேயே தரையை ஓங்கி மிதித்தேன். "இங்கதான் இருக்கேன். எங்கயும் போகல. வந்துடு" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். குளிர் ஏறியது. பக்கத்து அறையில் பூசணி மறுபடி ஓடினாள்.