மூன்று வேளை

விசில் சத்தத்தில்தான் வீரராகவனுக்கு விழிப்புத் தட்டியது. விழித்த பிறகுதான், தூங்கியிருக்கிறோம் என்பதே தெரிந்தது. கிரேன் கேபின் கண்ணாடிக்கு அப்பால் இருபது டன் சரக்குப் பெட்டி கொக்கியில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் கீழிருந்து மூன்று பேர் சிதறி ஓடினார்கள். மணி மூன்றுகூட ஆகவில்லை, பட்டப்பகல். சைகை காட்டும் இஸ்மாயில் இரண்டு கைகளையும் விரித்து நின்றிருந்தான். பெட்டியைத் தரையில் இறக்கிவிட்டுப் பார்த்தால், லிவரெல்லாம் வியர்வை.

கிடர்பூர் துறைமுக டாக்கில் இருபத்திரண்டு வருஷமாக மூன்று ஷிஃப்டும் மாறி மாறிப் பார்க்கிறவர். ஒரு நாளும் கண்ணயர்ந்ததில்லை. எடைதான் வருஷத்துக்கு வருஷம் ஏறித் தொண்ணூற்றெட்டு கிலோவில் வந்து நின்றது. சர்க்கரையும் எல்லைக்கோட்டில். அடுத்த மெடிக்கலிலும் இப்படியே இருந்தால் கிரேன் கிடையாது என்று டாக்டர் போன வருஷமே எழுதிவிட்டார். அந்த மெடிக்கல் வருகிற திங்கட்கிழமை.

நியூ ஜெர்சியில் நர்ஸாக இருக்கும் தங்கை அமலா போனில் சொன்னாள்: "மெலடோனின்னு ஒண்ணுண்ணா. தூக்கம் வர்றதுக்கு இருட்டுல உடம்பே சுரக்கிறது. ராத்திரியெல்லாம் லைட்டு வெளிச்சத்துல வேலை பாத்தா அது சரியாச் சுரக்காது. எடை ஏறறதுக்கும் சுகருக்கும் அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னு இங்க ஆராய்ச்சி பண்றாங்க." அங்கிருந்து லீவில் வந்த சிநேகிதர் மகன் பத்மநாபன் கையில் ஒரு புட்டியும் கொடுத்தனுப்பினாள். படுக்குமுன் ஒன்று என்று அதில் ஒட்டியிருந்ததை அவர் படிக்காமலில்லை. பத்து நாளில் எடை இறங்க ஒன்று எப்படிப் போதும்? சாப்பாட்டுக்குப் பின் மூன்று வேளை என்று தானே முடிவு செய்து, காலண்டரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டு வந்தார். "ஏங்க, சோத்துத் தட்டு முன்னாலயே தூங்கிச் சாமியாடறீங்களே," என்று மனைவி தமயந்தி காலையில்கூடச் சொன்னாள். எரிந்து விழுந்துவிட்டு வந்திருந்தார்.

இஸ்மாயில் ஏணியேறி வந்துவிட்டான்.

"என்னண்ணே, தூங்கிட்டீங்களா?"

"இல்லப்பா, வெயிலுல கண்ணு கூசிடுச்சு."

"தலை தொங்கினதை நான் பாத்தேண்ணே."

டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த புட்டியைக் காட்டி, வீரராகவன் எல்லாவற்றையும் சொன்னார்.

"ராத்திரி மாத்திரையைப் பகல்ல முழுங்கிட்டு எங்க தலைக்கு மேல பெட்டியை ஆட்டறீங்க. நல்லாருக்குண்ணே. ரொம்ப நல்லாருக்கு."

"ஃபோர்மேன்கிட்ட சொல்லிடாதப்பா. திங்கக்கிழமை மெடிக்கல்."

இஸ்மாயில் இறங்குவதற்கு ஏணியில் ஒரு காலை வைத்தான். "சொல்லல. ஆனா பசங்க யாரையும் கீழ நிறுத்தமாட்டேன். அடுத்த பெட்டிக்கு நான் ஒருத்தன்தான் நிப்பேன். தூக்கறதா, இறங்கி வீட்டுக்குப் போறதான்னு நீங்களே பாத்துக்குங்க."

உடம்பு சரியில்லை என்று இறங்கினால் நேரே டாக்டரிடம்தான் அனுப்புவார்கள். இன்றைக்கே ரத்தம் எடுப்பார்கள். ஷிஃப்ட் முடிய இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது. மதியம் விழுங்கியது உடம்பில் எங்கே, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று யாரைக் கேட்பது? பாட்டில் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டார். கண் எரிந்தது. எரியட்டும் என்றிருந்தது.

கீழே அடுத்த பெட்டியில் கொக்கி மாட்டியாகிவிட்டது. ஆட்கள் எல்லோரும் ஷெட்டின் நிழலுக்குப் போய்விட்டார்கள். வெறிச்சோடிய தரையில் இஸ்மாயில் மட்டும் அண்ணாந்து பார்த்தபடி, தூக்கு என்று ஒரு கையை உயர்த்தி நின்றான். லிவரின் மேல் வீரராகவனின் விரல்கள் இருந்தன. இமைகளை அகல விரித்து வைத்துக்கொண்டு, கண் கொட்டாமல் அந்தக் கையையே பார்த்தார். கை இறங்கவில்லை.