குங்குமம் வைத்த கட்டை

விடிந்தும் விடியாத ஹட்டன் குளிரில், ஈரச் சாக்கை விரித்துக் காருக்கு அடியில் நுழைந்தான் ஜீவராஜ். அறுபது வருஷத்து ஆஸ்டின். ஒற்றைக் குழாயில் புகைவிட்டு இத்தனை காலம் ஓடியது போதாதாம். நுவரெலியா சித்திரைக் கார் ஓட்டத்தில் ஊரே திரும்பிப் பார்க்கவேண்டுமென்று தோட்டத்துத் துரை இரண்டு குழாய் கேட்டிருந்தார். வலப்பக்கம் நேற்றே முடிந்தது. இடப்பக்கக் குழாயைப் பின் அச்சுக்கு மேலே வளைத்து, பெற்றோல் டேங்கில் படாமல் தொங்கவிட வேண்டும்.

தோளால் முட்டுக்கொடுத்துத் தூக்கினான். துரு கண்ணில் கொட்டியது. இன்னும் கொஞ்சம் அழுத்தியபோது, தலைக்குப் பக்கத்தில் காரைத் தாங்கியிருந்த மரக்கட்டை கிறீச்சிட்டது.

போன வாரம் மழையில் வழுக்கி, வண்டியை இறங்கவிட்டு, அடியில் படுத்திருந்த அவன் மச்சான் துஷாந்தின் தோளை நொறுக்கியது இதே கட்டைதான். கராஜ் முதலாளி முத்துலிங்கம் மறுநாள் இரும்பு ஸ்டாண்ட் வாங்கவில்லை. கட்டையைக் கழுவிச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கினார். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற பூசை. அதைவிடக் கேவலம், ஜீவராஜும் கைகூப்பிக் கும்பிட்டிருந்தான். தான் மறுத்தால் தன் இடத்தில் மெக்கானிக் இக்ராம் நுழைந்துவிடுவான் என்று இவனும், இவன் நுழைந்துவிடுவான் என்று இக்ராமும், ஒரு வாரமாக மாறிமாறி நுழைந்துகொண்டிருந்தார்கள். நினைக்க நினைக்கத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது.

குழாயைக் கீழே போட்டுவிட்டு வெளியே வந்தான்.

"என்னப்பா வெளிய நிக்கிற? சனிக்கிழம துரைக்கு வண்டி குடுக்கணும்," என்றபடி வந்தார் முத்துலிங்கம்.

"ஸ்டாண்ட் வாங்கிக் குடுங்க மொதலாளி. அப்பறம் உள்ள போறேன்."

"அதான் பூச போட்டாச்சே!"

"பூச ஒங்க மனசுக்கு. கீழ படுக்கிறது நாங்க."

"பெரிய தொரையாட்டம் பேசாத. இக்ராம், நீ போ!"

ஜீவராஜ் இக்ராமைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. அவனுக்கும் வீட்டில் மூன்று பிள்ளைகள்.

இக்ராம் கையைத் துடைத்துக்கொண்டே காரைச் சுற்றி வந்தான். குனிந்து ஜாக்கியை எடுத்தான்.

"அந்தப் பக்கம் புடிங்க ஜீவராஜண்ணே. வண்டிய எறக்குவோம்."

இருவருமாகக் கட்டைகளை உருவினார்கள். சக்கரங்கள் மெதுவாகத் தரையைத் தொட்டன.

"துஷாந்துக்கும் வைத்தியம் பாத்துக் குடுக்கணும் மொதலாளி. ஸ்டாண்ட் விக்கிற சாமான் கட எதுத்தாப்புலதான் இருக்கு," என்றான் இக்ராம்.

"வெளிய நூறு பேர் நிக்கிறான்டா!" முத்துலிங்கம் போனை எடுத்தார்.

அரைமணியில் கீழ்த்தெரு வெல்டிங்காரர் அழகுமுத்து வந்தார். வேலையைக் கேட்டார். குங்குமம் அப்பிய கட்டையைக் காலால் புரட்டினார்.

"அந்தத் துஷாந்து மேல வண்டிய எறக்குன கட்ட இதுதானா?"

இக்ராம் தலையாட்டினான்.

"ஸ்டாண்ட் வந்தா சொல்லி அனுப்புங்க மொதலாளி," என்றவர், திரும்பிப் போகாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஜீவராஜுக்கும் இக்ராமுக்கும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முத்துலிங்கம் கத்தினார், ஆளை மாற்றுவேன் என்றார், பொலிசைக் கூப்பிடுவேன் என்றார். நாளைக்கு வேலை இருக்குமா என்று மூவருக்குமே தெரியாது.

"சாயங்காலம் துஷாந்தப் பாத்துட்டு வருவோமா?" என்றார் அழகுமுத்து.

"மத்த கராஜ் ஆளுங்களையும் கூட்டிக்கிட்டுப் போவோம்," என்றான் ஜீவராஜ். இடப்பக்கக் குழாய் அவன் போட்ட இடத்திலேயே கிடந்தது.