ஏரிக்கரைப் பாதை பூட்டியிருக்காம்

"சப்பாத்து என்ன அளவு அக்கா?" என்று கிறிகோரி மூன்றாம் தடவையாகக் கேட்டபோது செலஸ்ரீனா கட்டிலுக்குக் கீழே தலையை நுழைத்திருந்தாள். சவப்பெட்டிக் கடையின் ஆள் வாசலில் காத்து நின்றான். செவ்வாய்க்கிழமை காலையில் ஸ்ரனிஸ்லாஸ் போட்டுக்கொண்டு போன சப்பாத்தில் ஒன்றைத்தான் ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்திருந்தார்கள், அதிலும் அளவு தேய்ந்து அழிந்திருந்தது. பதினாலு வருடம் கூட வாழ்ந்த மனிதனின் கால் அளவு அவளுக்குத் தெரியவில்லை. தனக்கு வேண்டியதை அவனே வாங்கிக்கொள்வான். அவள் கேட்டதும் இல்லை.

கையில் தட்டுப்பட்ட அட்டைப்பெட்டியை இழுத்துத் திறந்தாள். உள்ளே சப்பாத்து இல்லை. சைக்கிளின் பின்சில்லுக்கு இருபக்கமும் தொங்கப்போடுகிற பை ஒரு சோடி இருந்தது. பச்சை நிறம், ஒருநாளும் பாவிக்காதது. அவள் மூடி, இருந்த இடத்துக்கே தள்ளிவிட்டாள்.

"நாப்பத்தொண்டு எண்டு சொல்லு."

"சின்னனாய்ப் போனால்?"

"இனி என்ன, நடக்கப் போறாரே?"

சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லின் கூர் அவளுக்கே பட்டது. கிறிகோரி தம்பிக்காரன், அக்கா துக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டான்.

இத்தாலியில், பலெர்மோ நகரத்தின் பிரான்காச்சோப் பகுதியில் அவர்கள் இருந்தது ஐந்தாம் மாடி. சனிக்கிழமை என்றபடியால் சனம் காலையிலேயே வந்துவிட்டது. ஆண்கள் பல்கனியில் நின்றார்கள், பெண்கள் கட்டில் வரைக்கும் வந்து இருந்தார்கள். சாவீட்டில் ஒருவனாவது விளக்கம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வந்தவர்களுக்குப் பொழுது போகாது. அந்த வேலையைக் கிறிகோரி எடுத்துக்கொண்டான்.

"வேலைக்குச் சைக்கிள் வேண்டாம், பஸ்ஸிலை போங்கோ எண்டு அக்கா எத்தினை தரம் சொன்னவா. மனுசன் சொல்வழி கேட்டால்தானே. இந்தக் கிழமை லீவிலை வடக்கை மலைப்பக்கம் சைக்கிள் ஓடப்போறன் எண்டு வேறை நிண்டவர். அக்காதான் மறிச்சவா."

"நல்ல காலம் மறிச்சது. இல்லாட்டி அங்கை எங்கையோ விழுந்து, பிரேதமும் வந்து சேந்திராது" என்றாள் ஒரு பெண்.

"இஞ்சை மட்டும் என்ன வாழ்ந்தது? சொல்வழி கேளாத மனுசன்" என்றான் கிறிகோரி.

மறித்தேன் என்று கிறிகோரியிடம் பெருமையாகச் சொன்னது செலஸ்ரீனாவேதான். மகள் மொனிகா சுவரோடு சாய்ந்து நின்று மாமாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயது. அவளுக்கு எல்லாம் விளங்கும்.

வைகாசியில், ஒரு ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு, ஸ்ரனிஸ்லாஸ் அந்தக் கடதாசியைக் கொண்டுவந்து மேசையில் விரித்தான். நகரத்தின் பழைய பகுதியான கால்சாவில் அவன் படி கழுவுகிற பழைய மாளிகையில் கூட வேலைசெய்கிற வாசென் கொடுத்தது. வாசென் மொரிசியஸ்காரன். பாட்டன் பூட்டன் தமிழர், அவனுக்குத் தெரிந்த தமிழ் நாலு சொல். இருவரும் உடைந்த இத்தாலியனிலேயே உயிர்ச் சிநேகிதர் ஆகிவிட்டார்கள். கடதாசியில் அல்ப்ஸ் மலையும், நீலமாக ஒரு ஏரியும், ஏரியைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடும் இருந்தன. சைக்கிளில் மூன்று நாள் போகலாம், இடையிடையே தங்க இடம் இருக்கிறது என்று படங்களே சொல்லின.

"இஞ்சேரும், இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லும்."

செலஸ்ரீனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். பலெர்மோவில் உள்ள மன்னார்ச் சனத்தில் பாதிப் பேரின் பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதிப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பவள் அவள். குவெஸ்தூராவிலிருந்து கடிதம் வந்தால் முதலில் அவளிடம்தான் வரும். பொலிசார் எழுதியதையே பிரித்து மேய்கிறவளுக்கு இது எம்மாத்திரம்! சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்ததை விரலால் தொட்டுப் படித்தாள்: கியூசோ அல் திராபிக்கோ.

கியூசோ அவளுக்குத் தெரியும். மத்தியானம் ஒரு மணிக்குக் கடைக் கதவில் தொங்குகிற சொல்.

"ஏரிக்கரைப் பாதை பூட்டியிருக்காம்."

"பூட்டியோ?"

"ஓம். கியூசோ எண்டு போட்டுக் கிடக்கு."

அவன் அவளுடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கடதாசியை நாலாக மடித்தான். "அப்ப சரி" என்றான்.

ஆடியில் சாந்தா றொசாலியா திருவிழா. கடற்கரைக்குப் போகிற பெரிய தெருவின் வாயில் மரத்தடுப்புப் போட்டு, அதன்மேல் பலகை வைத்திருந்தார்கள். கியூசோ அல் திராபிக்கோ. தடுப்புக்கு அப்பால் சனம் நடந்தது. பெண்கள் பிள்ளை வண்டில் தள்ளினார்கள். இரண்டு பெடியங்கள் சைக்கிளில் வளைந்து வளைந்து ஓடினார்கள். காரும் மோட்டார் சைக்கிளும் மட்டும்தான் இல்லை. செலஸ்ரீனாவுக்கு முகம் சுட்டது. பூட்டியது வாகனத்துக்கு, சைக்கிளுக்குத் திறந்தே கிடந்திருக்கிறது. பக்கத்தில் நின்ற ஸ்ரனிஸ்லாஸ் பலகையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"எனக்குக் கால் உளையுது. வீட்டை போவம்" என்றாள்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று அங்கேயே சிரித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். லீவுக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. சொல்லாததற்கு வெட்கம் ஒரு காரணம், பெரிய காரணம் அது இல்லை. ஆவணியில், தான் வேலைசெய்கிற வீட்டு எசமானி சின்னோராவின் கடற்கரை வீட்டில் பதினொரு பேருக்கு அவள் சமைக்க வேண்டும். அந்த நேரம் இந்த மனிதன் ஏரி பார்க்கச் சைக்கிள் மிதிப்பானாம்! சைக்கிள் வேலைக்குப் போகத்தான், அழகு பார்க்கவா? அவளுக்கு எரிச்சல். எரிச்சல்கூட இல்லை, பொறாமை. அவன் அடிபட்டதிலிருந்து இந்த ஐந்து நாளாக அதற்கு வேறு பெயர் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

போகாத லீவை என்ன செய்வது என்று அவன் இன்னொரு மாளிகையின் படிகளைக் கழுவ ஒத்துக்கொண்டான். செவ்வாய் காலை ஏழு மணிக்கு, அந்த வேலைக்குப் போகிற வழியில், பின்னால் வந்த வான் அடித்தது. மறுநாள் உயிர் போனது. ஒரு மோட்டார் சைக்கிளும் வரமுடியாத பாதையில் அவன் இருந்திருக்க வேண்டிய கிழமை.

பல்லரோச் சந்தைக்குப் பக்கத்துக் கோயிலில் பூசை முடிந்து பெட்டியை வெளியே கொண்டுவந்தார்கள். வாசென் வெள்ளைச் சேட்டோடு வாசற்படிக்கு வெளியிலேயே நின்றான். பூசை முழுக்க அங்கேதான் நின்றிருக்கிறான். செலஸ்ரீனா தானாக அவனிடம் போனாள். யாராவது ஒருவன் தன்னைத் திட்டினால் நல்லது என்று இருந்தது அவளுக்கு.

"வாசென், அந்த ஏரிப் பாதை..." என்று இத்தாலியனில் தொடங்கினாள். "நான் பிழையாக வாசித்துவிட்டேன்."

அவன் திகைத்துப் போனான்.

"பிழையாகவா? சின்னோரா, அவனுக்கு அது கார் இல்லாத பாதை என்று முதலிலேயே தெரியும். கடதாசி கொடுத்த அன்றைக்கே நான் முழுக்கச் சொல்லிவிட்டேன். பைகூட வாங்கிவிட்டானே."

"அப்போ ஏன் என்னிடம் வாசிக்கச் சொன்னார்?"

"உங்களிடம் உத்தரவு கேட்க. நேரே கேட்க அவனுக்குக் கூச்சம்." வாசென் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். "நீங்கள் பூட்டு என்றீர்களாம். அவர் பிழையாக வாசித்திருப்பார் என்று நான் சொன்னேன். செலஸ்ரீனா பிழையாக வாசிக்க மாட்டாள் என்று சிரித்தான். ஊர்க் கடிதம் முழுக்க அவள்தான் வாசிக்கிறாள், அவளுக்கு விருப்பமில்லை, அதை இப்படிச் சொல்கிறாள் என்றான். பிறகு திருவிழாவில் அதே பலகையை உங்களுக்கு முன்னால் பார்த்தானாம். இப்பவாவது போ என்று சொல்வீர்கள் என்று காத்து நின்றானாம்."

"பிறகு?"

"என் மனிசி பூட்டு என்றால் பூட்டுத்தான் என்றான்."

ஸ்ரனிஸ்லாஸ் தன்னை நம்பி ஏமாந்தான் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். அவன் ஏமாறவில்லை. எல்லாம் தெரிந்து, அவளுக்காகப் பேசாமல் இருந்திருக்கிறான். அவள் வாய்விட்டு அழுதாள். கோயில் வாசலில் பெண்சாதி அழுவது வழக்கம்தானே என்று சனம் விலகி நின்றது.

மொனிகா வந்து தாயின் கையைப் பிடித்தாள்.

"அம்மா, பப்பா ஏன் உங்கடை சொல் கேக்கேல்லை?"

"ஆர் சொன்னது?"

"மாமா. எல்லாரும்."

செலஸ்ரீனா சேலைத்தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். சும்மா இருந்தால் இந்தப் பிள்ளை சாகுமட்டும் தகப்பனை அப்படித்தான் நினைத்திருக்கும்.

"பப்பா என்ரை சொல் கேட்டவர், பிள்ளை. கேட்டதாலைதான் இஞ்சை நிண்டவர். ஏரிப் பாதை பூட்டியிருக்கு எண்டு நான்தான் சொன்னனான். கியூசோ அல் திராபிக்கோ எண்டு எழுதிக் கிடந்தது."

"மா நோ, அப்பிடி இல்லை அம்மா! அது கார் வராது எண்டெல்லோ அர்த்தம். உங்களுக்குத் தெரியாதோ?"

"முதல் தெரியாது."

மொனிகா கெட்டிக்காரி. அந்த 'முதல்' என்ற சொல்லை விடவில்லை.

"பிறகு?"

"பிறகு தெரியும்."

பிள்ளை கையை உதறவில்லை. மூக்கைத் துடைக்கக் கையை எடுத்தது, திரும்பக் கொடுக்கவில்லை. திரும்பி வாசெனிடம் நடந்து போனது. அவன் கிறிகோரியின் காருக்குப் பக்கத்தில், சுவரின் ஒடுங்கிய நிழலில் நின்றான்.

பிள்ளை இத்தாலியனில் கேட்டது செலஸ்ரீனாவின் காதில் விழுந்தது. "பெரிய ஏரியா? சுற்றிவர எத்தனை கிலோமீற்றர்?"

முந்தின நாள் வீசிய தெற்குக் காற்றில் கார் முழுக்கச் செம்மண் தூசு படிந்திருந்தது. வாசென் பின்கண்ணாடியில் விரலால் நீளமாக ஒரு வட்டம் கீறினான். அதைச் சுற்றி இன்னொரு கோடு இழுத்தான். இரண்டு இடத்தில் புள்ளி வைத்து ஏதோ சொன்னான். மொனிகா தன் விரலை அந்தக் கோட்டில் வைத்து மெதுவாகச் சுற்றிவரக் கொண்டுபோனாள்.

பெட்டி ஏற்றிய வண்டி புறப்பட்டது. கிறிகோரி, அடக்கம் நடக்கிற சேமக்காலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போக ஓடிவந்தான். பின்கண்ணாடியைப் பார்த்துவிட்டு ஒரு பழந்துணியை எடுத்தான்.

"துணியை வை. உதை அழிக்காதை" என்றாள் செலஸ்ரீனா.

"பின்னாலை வாறது ஒண்டும் தெரியாது அக்கா."

"தெரியாட்டிப் பரவாயில்லை. மெல்லமாய் ஓட்டு."