தகரப் பூதத்தின் கேன்வாஸ் ஷூ

சண்முகவடிவுக்கு அலுத்துவிட்டது. கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட முடியவில்லை, அதற்குள் இருபது வருஷத்து அலுப்பு. அடிக்கிற புருஷன் என்றால் ஊருக்குக் கடுதாசி போடலாம். குடிக்கிறவன் என்றால் நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்கலாம். வானமாமலை இரண்டும் செய்கிறவனில்லை. ஒப்பிடுகிறவன். அதற்கு யாரிடம் போய்ப் பிராது கொடுப்பது?

அவனுக்கு அவள் இரண்டாம் தாரம். முதல் தாரம் பூமாரி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆனால் தாராவியின் அந்த ஒற்றை அறையை விட்டு இன்னும் போகவில்லை. வடிவு ரசம் வைத்தால் பூமாரி ரசம், துணி மடித்தால் பூமாரி மடிப்பு. குறையென்று வாய்விட்டுச் சொல்லமாட்டான். "நல்லாத்தான் இருக்கு, ஆனா..." என்று நிறுத்துவான். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு வருவதெல்லாம் வடிவுக்கு மனப்பாடம்.

சினிமாவிலும் இதே கூத்துதான். ஐந்து வருஷத்துக்கு முன், அறுபத்திரண்டில், 'நீலா கிரஹ்' என்று ஒரு இந்திப் படம் வந்தது. வேறொரு கிரகத்திலிருந்து ராக்கெட்டில் வந்திறங்கிய தகரப் பூதம் பம்பாயைக் கலக்குகிற கதை. அதை அவன் பூமாரியோடு பார்த்தான். போன மாதம் இரண்டாம் பாகம் வந்தபோது வடிவைத் தாதருக்குக் கூட்டிப்போனான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் கூட்டிப்போன முதல் படம். முறுக்குப் பிழிந்து வீங்கிய மணிக்கட்டுக்கு எண்ணெய் தடவிக் கண்ணாடி வளையல் ஏற்றிக்கொண்டு போனாள்.

பூதம் திரையில் வந்ததும் வராததுமாக அவன் தொடங்கிவிட்டான்.

"பாத்தியாட்டி, காலுல கேன்வாஸ் ஷூ தெரியுது. முதல் பாகத்துல இந்தச் சோலியே கிடையாது. நெசப் பூதம் மாதிரி இருக்கும். கடைசியில குழந்தையைத் தூக்கிக்கிட்டு நெருப்புக்குள்ள நடந்து வரும் பாரு, பூமாரி முந்தானை நனைய அழுதா."

வடிவுக்குப் படம் பிடித்துத்தான் இருந்தது. ஒருதரம் செத்த பூதம் மறுபடி அடிவாங்கவென்றே திரும்பி வந்திருக்கிறதே என்று பாவமாகக்கூட இருந்தது. அவனிடம் அதைச் சொல்லவில்லை.

இரண்டாம் பாகம் ஊத்திக்கொண்டது. தியேட்டர்காரன் ஞாயிறு காலைக் காட்சிக்குப் பழைய படத்தையே மறுபடி போட்டான். வானமாமலைக்கு அன்று செம்பூர் கம்பெனியில் ஓவர்டைம். வடிவு பக்கத்து வீட்டு ஆபிதாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

"என்ன மைனி, ரெண்டாவதைப் பாத்துட்டு இப்ப முதலாவதா? நீங்க தலைகீழால்லா போறிய!" என்று ஆபிதா கேலி பண்ணினாள்.

"அப்படி அதுல என்னதான் இருக்குன்னு ஒருவாட்டி பாத்துரணும் ஆபிதா."

உள்ளுக்குள் பயம்தான். படம் நிஜமாகவே அவன் சொன்ன மாதிரி இருந்துவிட்டால்? அப்புறம் அந்த ரசமும் நிஜம், அந்த மடிப்பும் நிஜம். ஆயுசு முழுக்க இவள் இரண்டாம் பாகம்தான்.

பூதம் வந்தது. அதே தகரம். கீழே அதே கேன்வாஸ் ஷூ. போதாக்குறைக்கு இடது காலில் லேஸ் அவிழ்ந்து கிடந்தது. ஆபிதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வடிவு சிரிக்காமல் கடைசிக் காட்சிக்காக உட்கார்ந்திருந்தாள். பூதம் கடலில் விழுந்து முழுகியது, விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

"நெருப்பு எங்க? குழந்தையைத் தூக்கிட்டு வருமாமே, அதை வெட்டிட்டானோ?"

"நெருப்பா? தீக்குச்சியைப் பாத்தாலே அது ஓடிரும்னு படம் பூரா பேசிக்கிட்டாங்களே. உங்களுக்கு இந்தி புரியல மைனி."

வீடு வரும்வரை வடிவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சொல்லவேண்டியதை மனசுக்குள் நாலுதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

சாயங்காலம் வந்து தட்டுமுன் உட்கார்ந்தவன் ஒரு வாய் எடுத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா..." என்றான்.

"இன்னைக்குப் பழைய படம் பாத்தேன்."

அவன் கை நின்றது. "முதல் பாகமா? கடைசியில அழுதியா?"

"எதுக்கு அழணும்? அதுலயும் அதே ஷூதான். குழந்தையும் இல்ல, நெருப்பும் இல்ல. அந்தப் பூதத்துக்கு நெருப்புன்னாலே பயமாம். இல்லாத சீனுக்கு உங்க பூமாரி எப்படி அழுதா?"

தட்டு பறக்கும் என்று நினைத்தாள். பறக்கவில்லை. பொய் பிடிபட்டவன் முகமாகவும் இல்லை. சாவியை எங்கே வைத்தோம் என்று யோசிக்கிறவன் முகமாக இருந்தது.

"அழுதாட்டி. அது சத்தியம். பாட்டு வந்தாலும் அழுவா, சண்டை வந்தாலும் அழுவா, அவ சுபாவம் அது. நெருப்பு எங்கிருந்து வந்துதுன்னுதான் தெரியல..." சோற்றை விரலால் அளைந்தான். "நான் எங்க படத்தைப் பாத்தேன்? மூணு மணி நேரமும் அவ மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

ரசக் கரண்டியை வடிவு சட்டிக்குள் வைத்தாள். கேட்கக் கூடாது என்று தெரிந்தது. கேட்டுவிட்டாள்.

"என்னையும் கூட்டிட்டுப் போனியளே. அன்னைக்கு எதைப் பாத்திய?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

"படத்தைத்தான்," என்றான்.

ரசத்திலும் மடிப்பிலும் தோற்றபோதெல்லாம் வராத அழுகை அப்போது வந்தது. வடிவு துடைத்துக்கொள்ளவும் இல்லை. அவன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.