தாய்மார் அறையில் வகுப்பு

மருத்துவமனையில் குளிர் உள்ளே வராத அறை ஒன்றே ஒன்றுதான். பிரசவம் முடிந்த தாய்மார்களை அங்கேதான் படுக்க வைப்போம். நர்ஸுகளுக்கு ஆராய்ச்சி செய்யக் கற்றுத்தர வந்தவர்கள் அந்த அறையைக் கேட்டார்கள். கட்டில்கள் வராந்தாவுக்குப் போயின. வேண்டாம் என்று மன்றாடினேன். ரெண்டு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ என்றார் சூப்பரின்டென்டன்ட்.

பாடம் நடத்தியவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஸ்லைடு சார். எதைக் கேட்டாலும் அடுத்த ஸ்லைடில் வரும் என்பார். பிறந்த குழந்தைகளின் உடம்பு ஏன் குளிர்ந்துபோகிறது என்பது என் ஆய்வுக் கேள்வி. அதை அருமையான கேள்வி என்று பாராட்டி, திரையில் பெரிதாகப் போட்டிருந்தார்.

அன்று காலைதான் அண்ணிக்குக் குழந்தை பிறந்திருந்தது. பாதி வகுப்பில் அண்ணன் வாசலில் வந்து நின்றான்.

"பாப்பா காலெல்லாம் ஜில்லுன்னு இருக்கு. பாலும் குடிக்க மாட்டேங்குது."

ஓடினேன். வராந்தாவில் மழைக்காற்று சுழன்றடித்தது. குழந்தையின் பாதம் ஈரக்கல்லைப் போல இருந்தது. அண்ணியின் நெஞ்சோடு அதை ஒட்டவைத்து, என் ஸ்வெட்டரால் மூடினேன். அண்ணிக்கே குளிரில் பல் தந்தியடித்தது. திரும்பிப் போய் அறையைக் காலி செய்யச் சொன்னேன். ஸ்லைடு சார் சிரித்தார்.

"ஆராய்ச்சி பண்றவங்க உணர்ச்சிவசப்படக் கூடாதும்மா. டீ டைம்ல பேசிக்கலாம்."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், கட்டிலைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தோம். சக்கரத்தில் புரொஜெக்டர் வயர் சிக்கிப் பிடுங்கிக்கொண்டது. திரையில் என் கேள்வி அணைந்தது.

"யாரக் கேட்டு உள்ள கொண்டுவர்றீங்க?"

"அது அடுத்த ஸ்லைடுல வரும் சார்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தாள். சூப்பரின்டென்டன்ட் ஓடிவந்து, பயிற்சியிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவதாகக் கத்தினார். இந்த இடத்துக்காக எத்தனை மனு போட்டிருப்பேன்! எடுத்துக்குங்க மேடம் என்றேன். அதற்குள் மற்ற நர்ஸுகள் நாற்காலிகளை வெளியே கடத்திவிட்டு, ஒவ்வொரு கட்டிலாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

கதவைச் சாத்தினோம். வெகுநேரம் கழித்துக் குழந்தை மெல்ல வாயைத் திறந்து தேடியது. அண்ணி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

வராந்தாவில் வகுப்பு தொடர்ந்தது. ரொம்பக் குளிருது, யாராவது ஜன்னலைச் சாத்துங்களேன் என்று ஸ்லைடு சார் கேட்பது உள்ளே கேட்டது.

அந்த ஜன்னலுக்குக் கதவே கிடையாது.