போஸ்ட் அஞ்சு

வாக்கி டாக்கியை சக்கரபாணியின் கையில் வைத்த ஹாஜிரா உடனே விட்டுவிடவில்லை. ஒரு முனையைத் தானும் பிடித்துக்கொண்டு, "இதுல வரேன், போறேன் ரெண்டும் பேசக் கூடாது சார். ரோட்டுல எறங்கினா 'உள்ள'. ரோட்ட விட்டு நகந்துட்டா 'வெளிய'. அவ்ளோதான்," என்றார். போன வருஷ ரேஸில் ஒருவர் வளைவில் நின்றுகொண்டு 'நான் வரேன்' என்றாராம். கிளம்புகிறார் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நம் பக்கத்தில் யார் கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்கிறார்கள்? அந்த மனுஷனோ துடைப்பத்தோடு நிஜமாகவே ரோட்டுக்குள் வந்துகொண்டிருந்தார். கார் அவருடைய லுங்கியை உரசிக்கொண்டு போனதாம். புதுச்சேரியில் கார் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ஹாஜிராதான் இந்த கார் கிளப்பின் ரேஸ் முழுவதற்கும் பொறுப்பு. அவர் சொன்னால் சொன்னதுதான்.

புதுச்சேரியில் மலை ஏறும் கார் ரேஸா என்று சிரிக்காதீர்கள். ஊருக்குள் மலை கிடையாது, மேடு என்று சொல்லிக்கொள்ள ஒரு கோரிமேடு இருக்கிறது, அதையும் ஆட்டோக்காரர்கள்கூட மதிப்பதில்லை. அதனால் கிளப்காரர்கள் மேற்கே ஒரு மணி நேரம் தள்ளி, மூடிக் கிடந்த கல் குவாரியின் மலை மேல் ஏறும் சொந்த ரோட்டைப் பிடித்திருந்தார்கள். ஒன்றேகால் கிலோமீட்டர், ஒன்பது வளைவு. ஒரு கார் மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்த கார் கிளம்பும். ஒவ்வொரு வளைவிலும் இரண்டு பேர் சம்பளமில்லாமல் வெயிலில் நிற்க வேண்டும். கொடி ஒருவர் கையில், துடைப்பமும் தீயணைக்கும் சிலிண்டரும் இன்னொருவர் பக்கத்தில். காலை ஐந்தரைக்குப் பெரிய மார்க்கெட் வாசலிலிருந்து வேனில் ஏற்றிக்கொண்டு வந்து, இட்லிப் பொட்டலம் கொடுத்து, ஆளுக்கொரு வளைவில் இறக்கிவிட்டார்கள். ஐந்தாவது வளைவு, வாக்கி டாக்கியில் 'போஸ்ட் அஞ்சு', சக்கரபாணிக்கும் யாகூப் என்கிற பழக்கடைக்காரருக்கும் வந்தது.

சக்கரபாணிக்குப் பேரில்தான் சக்கரம். ஐம்பத்திநாலு வயதில் ஒரு மொபெட்டைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. ஆனால் புதுச்சேரி – கனகசெட்டிக்குளம் டவுன் பஸ்ஸில் இருபத்திரண்டு வருஷமாகக் கண்டக்டர். ஒரு விசில் கொடுத்தால் பஸ் நிற்கும், இரண்டு விசில் கொடுத்தால் போகும். வீட்டில் அப்படி ஒரு விசில் இல்லாமல் போய்விட்டதுதான் அவருடைய கஷ்டம்.

எட்டு மாதத்துக்கு முன்னால் விழுப்புரத்திலிருந்து பெண் பார்க்க வந்துபோன குடும்பம், அவர் மகள் கவிநிலா ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கார் ரேஸில் ஓட்டுகிற வீடியோவை யாருடைய போனிலோ பார்த்துவிட்டு, இது நமக்குச் சரிப்படாது என்று சொல்லி அனுப்பியது. அன்று சாயங்காலம் சக்கரபாணிக்கு வாய் நீண்டுவிட்டது. "அந்த வண்டிதான் ஒசத்தின்னா வெளிய போ," என்றார். கார் சர்வீஸ் கம்பெனியில் வேலை பார்த்துச் சொந்தமாக ஒரு பழைய சிவப்புக் கார் வாங்கியிருந்த பெண், பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, "போறேன்," என்றாள். பிறந்ததிலிருந்து அந்த வாசலைத் தாண்டும்போது அவள் அப்படிச் சொன்னதே கிடையாது. லாஸ்பேட்டையில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அம்மா ஆதிலட்சுமி ஞாயிற்றுக்கிழமைகளில் குழம்பு எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவாள். இவர் போனை எடுப்பார், பேரைப் பார்ப்பார், வைத்துவிடுவார். எப்படிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

போன வாரம் ஆதிலட்சுமி பீன்ஸ் நறுக்கியபடியே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். அடுத்த ஞாயிறு கவிநிலா ஓட்டுகிறாள், கொடி பிடிக்க ஆள் கிடைக்காமல் கிளப்பில் அல்லாடுகிறார்களாம். அவள் பீன்ஸிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. சக்கரபாணி மொட்டை மாடிக்குப் போய் ஹாஜிராவுக்கு போன் போட்டார்.

பெண்ணுக்குத் தெரியாமல் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய திட்டம். அதற்கும் ஒரு சிக்கல் வந்தது. வாக்கி டாக்கியில் பேசுவதெல்லாம் கீழே கார்கள் கிளம்பும் இடத்தில் ஸ்பீக்கரில் கேட்குமாம். அதனால் ஹாஜிரா ஒவ்வொரு வளைவாக விசாரித்துக்கொண்டு வரும்போது, இவர் ஜலதோஷம் பிடித்தவர்போல மூக்கால், "போஸ்ட் அஞ்சு கிளியர்," என்பார். யாகூப் இரண்டு தடவை பொறுத்துப் பார்த்துவிட்டு, மாத்திரை வேண்டுமா என்று கேட்டார்.

பன்னிரண்டு கார்கள் ஒழுங்காகப் போயின. பதிமூன்றாவது கார் வளைவை அகலமாக எடுத்து ஓரத்தில் இறங்கி ஏறியதில் ஜல்லி முழுக்க ரோட்டில் வந்து கொட்டியது. கொடியை யாகூப்பிடம் கொடுத்துவிட்டு, "போஸ்ட் அஞ்சு, உள்ள," என்று சொல்லி, துடைப்பத்தோடு இறங்கினார் சக்கரபாணி. வீட்டில் ஒரு நாள் துடைப்பம் தொட்டிருப்பாரா, அதெல்லாம் கேட்கக் கூடாது. இங்கே குனிந்து ஒரு கல் விடாமல் தள்ளினார். பாதி பெருக்கும்போதே ஹாஜிராவின் குரல் வந்தது. "அடுத்து பதினாலு. கவிநிலா. ரெடியா நிக்கிது."

அவர் பெருக்கிய இடத்தையே இன்னொரு தடவை பெருக்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளங்காலால் தேய்த்துப் பார்த்தார். தார் சுட்டது, ஒரு பொடிக் கல்கூட உறுத்தவில்லை. ஓரத்துக்கு ஓடிவந்து பட்டனை அமுக்கியவர் மூக்கையும் மறந்தார், சொல்லிக்கொடுத்ததையும் மறந்தார். "முடிஞ்சிது மேடம். வரேன்."

 ஹாஜிரா முதலில் கீழே கார்களைக் கிளப்பிவிடுகிறவர்களிடம், "ஸ்டார்ட், வண்டிய விடாதீங்க," என்றார். "போஸ்ட் அஞ்சு, இன்னா வரேன்? ரோட்டுக்கு வரீங்களா, ரோட்ட விட்டுப் போறீங்களா? வார்த்தைய சரியா சொல்லுங்க."

ஒரே ஒரு வார்த்தை. 'வெளிய'. அதைச் சொன்னால் கார் கிளம்பும். சக்கரபாணி பட்டனில் கட்டைவிரலை வைத்தார், எடுத்துவிட்டார். கீழே சிவப்புக் காருக்குள் இருக்கிறவளுக்கு அதே வார்த்தையை அதே குரலில் இரண்டாவது தடவை சொல்ல வேண்டும். அதற்கு இந்த மலையிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது. யாகூப் பக்கத்தில் வந்து, "அண்ணே, வெளியன்னு சொல்லுண்ணே. அந்தப் பொண்ணு வெயில்ல நிக்கிதில்ல," என்றார். ஹாஜிரா மறுபடி கூப்பிட்டார்.

சக்கரபாணி பட்டனை அமுக்கினார். சொந்தக் குரலிலேயே பேசினார்.

"வெளிய மேடம். நாந்தான் வெளிய. உள்ள யாருமில்ல. ரோடு சுத்தமா இருக்குது. அவ வரட்டும்."

 "போஸ்ட் அஞ்சு கிளியர்," என்று ஹாஜிராதான் நிதானமாகச் சொல்லி முடித்தார்.

அதற்கப்புறம் அவர் கண்ணில் பட்டது நாலு விநாடிகூட இருக்காது. கீழே இன்ஜின் உறுமியது, ஒவ்வொரு வளைவிலும் தணிந்து தணிந்து ஏறியது, புதருக்குப் பின்னாலிருந்து சிவப்பாக வெளியே வந்தது. தன் பெண் ஓட்டி அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, வீடியோவைக்கூடப் பாதியில் நிறுத்தியவர். ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியவில்லை, ஸ்டியரிங்கில் இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன. அவர் பெருக்கிவைத்த இடத்தின் மேலேயே டயர் போட்டு, ஒரு கல் தெறிக்காமல் திரும்பிப் போய்விட்டாள். யப்பா, என்ன ஓட்டு! யாகூப் தோளைத் தட்டியபோதுதான் தான் அழுகிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. தூசி என்று சொல்லிக்கொண்டார்.

எல்லாக் கார்களும் ஓடி முடித்த பிறகு, மேலே காத்திருந்தவை ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாக இறங்கின. அப்போது ஓட்டுநர்கள் வளைவில் நிற்பவர்களுக்குக் கையசைத்துக்கொண்டு போவது வழக்கமாம். ஒவ்வொருவராகக் கையசைத்தார்கள். யாகூப் மகாராஜா மாதிரி பதிலுக்கு அசைத்தார். சக்கரபாணி புதருக்குப் பின்னால் போய்விடலாமா என்று பார்த்தார். கால் நகரவில்லை.

சிவப்புக் கார் வந்தது, அவருக்கு நேராக நின்றது. இறங்குகிற வரிசையில் எந்தக் காரும் நிற்கவே கூடாது. கண்ணாடி இறங்கியிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தாள், நெற்றியெல்லாம் வேர்வை, கொஞ்சம் இளைத்திருந்தாள். அவருடைய செருப்பில்லாத காலைப் பார்த்தாள், துடைப்பத்தைப் பார்த்தாள்.

"வரேன்ப்பா," என்றாள்.

கான்வென்ட் ஸ்டாப்பில் அவருடைய பஸ்ஸை விட்டு இறங்கும்போது பத்து வருஷம் சொன்ன அதே 'வரேன்ப்பா'. அவள் ரோட்டைத் தாண்டிப் பள்ளிக்கூட கேட்டுக்குள் போன பிறகுதான் இவர் இரண்டு விசில் கொடுப்பார். இப்போது இது போகிற வரேனா, வருகிற வரேனா? கேட்க ஹாஜிராவுக்கு வாய் இருந்தது, இவருக்கு இல்லை. அவள் போகவும் இல்லை, அவருடைய சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சக்கரபாணி பைக்குள் கையை விட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் விசில் இருந்தது. எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டார். பின்னால் நின்ற கார்களில் ஹாரன் கிளம்பியது. இடுப்பில் வாக்கி டாக்கி, "போஸ்ட் அஞ்சு, ஏன் லைன் நின்னுது?" என்றது. இரண்டு விசில் கொடுத்தால் போய்விடுவாள். விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு அவர் அப்படியே நின்றார். சிவப்புக் காரின் பிரேக் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.