உச்சாணியின் கழுத்து

கட்டடம் எழும்புகிற இடங்களில் நிற்கும் கோபுரக் கிரேனை எல்லோரும் அண்ணாந்து பார்த்திருப்பார்கள். அதன் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கும். அந்தக் கூண்டுக்குள் இருக்கும் ஆளைத்தான் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு கூண்டுக்குள் பாதி ஆயுளைக் கழித்தவருக்கு உடன் வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் உச்சாணி.

மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே அவர் ஏணியில் ஏறிவிடுவார். சாப்பாடும் தண்ணீரும் தோள்பையில். மேலே போய் உட்கார்ந்தால் இரண்டு கையும் இரண்டு லீவரில், கண் இரண்டும் கண்ணாடித் தரை வழியாகக் கீழே தொங்கும் கொக்கியில். நாள் முழுக்கக் குனிந்த தலைதான். எல்லோருக்கும் தலைக்கு மேல் வேலை என்பார்கள். அவருக்கோ வேலையே மற்றவர்களின் தலைக்கு மேல்தான். ஒரு கம்பிக்கட்டு நழுவினால் கீழே என்ன ஆகும் என்பதை அவர் ஒரு கணமும் மறந்ததில்லை. அந்த நினைப்பு அவர் கழுத்தில் ஏறி உட்கார்ந்து, நாளடைவில் கோபமாக வாய் வழியே இறங்க ஆரம்பித்தது.

இறங்கியதெல்லாம் சிக்னல்காரர் தலையில்தான். கீழே நின்று வாக்கிடாக்கியில் வழி சொல்வது அவர் வேலை.

"அண்ணே, இன்னும் கொஞ்சம் எறக்குங்க."

"கொஞ்சம்னா? கையளவா, ஆளளவா? வாயில என்ன பஞ்சா வச்சிருக்க? ஒழுங்கா சொல்லு!"

சிக்னல்காரர் வாக்கிடாக்கியைக் காதை விட்டுக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

வீட்டிலும் உச்சாணி முழுதாக இறங்கி வந்ததில்லை. உடம்பு நாற்காலியில் இருக்கும். தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் இருக்கும். துணிக்கடையில் தையல் வேலை பார்க்கும் அவர் மனைவி, "தோளை எறக்குங்க, யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க" என்பாள். அவர் முகத்தில் கடுகு வெடிக்கும்.

அவர் மனம்விட்டுச் சிரிக்கிற ஒரே விஷயம் மச்சினன். மனைவியின் தம்பி. ஏதோ ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன், திடீரென்று வேலையை விட்டுவிட்டு யோகா மாஸ்டர் ஆகிவிட்டான். "எல்லாரும் ஓசியில விடுற மூச்சை இவன் ஃபீஸ் வாங்கிட்டு விடச் சொல்றான்" என்று வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வார். மச்சினன் எதிரே இருந்தாலும் சொல்வார். அவனும் சிரித்துக்கொள்வான்.

ஒரு நாள் முற்பகலில், கம்பிக்கட்டு ஒன்றை மேல்தளத்தில் இறக்கிவிட்டு இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். போன தலை திரும்பி வரவில்லை. பிடரியிலிருந்து விரல்நுனி வரை சுரீர் என்று ஒரு வலி. இடது கை லீவரைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. நல்லவேளை, கொக்கியில் சுமை இல்லை. வலது கையால் இயந்திரத்தை நிறுத்தினார்.

"என்னால முடியலப்பா" என்றார் வாக்கிடாக்கியில்.

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை சிக்னல்காரர் அதுவரை கேட்டதில்லை. ஒன்றும் கேட்காமல் ஏணியில் ஏறத் தொடங்கினார். மேலே வந்து சேர்ந்ததும், உச்சாணிக்குக் கீழ்ப்படியில் நின்றுகொண்டு, அவர் பாதத்தைப் பிடித்து ஒவ்வொரு படியிலும் வைத்தார். "வலது காலு... படி இருக்கு, வைங்கண்ணே. நான் கீழதான் நிக்கிறேன். அவசரமே இல்ல."

பாதி வழியில் உச்சாணியின் இரண்டு கைகளும் வெடவெடவென்று நடுங்கின. பயத்தால் அல்ல. ஏணியைப் பிடிக்கக் கையில் தெம்பில்லை. டன் கணக்கில் தூக்கியதெல்லாம் கிரேன். தான் இத்தனை வருஷம் தூக்கியது இரண்டு லீவரைத்தான் என்பது அந்த ஏணியில் தொங்கும்போதுதான் அவருக்கு உறைத்தது.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். "எலும்புக்கு ஒண்ணுமில்ல. நரம்பும் தப்பிச்சுது. சதையெல்லாம் கட்டை மாதிரி இறுகிப் போயிருக்கு. பிரஷரும் ஏறியிருக்கு. மாத்திரை தர்றேன், ஆனா மாத்திரை உங்களுக்காகக் குனிஞ்சு நிமிராது. உடம்பை அசைக்கணும், மனசை ஆற விடணும். அதுவரைக்கும் மேல ஏற நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கம்பெனி அவரை ஸ்டோர் அறையில் உட்கார வைத்தது. ஹெல்மெட்டும் கையுறையும் எடுத்துக் கொடுக்கிற வேலை. "என்ன உச்சாணி, தரையில எப்படி இருக்கு?" என்று வருகிறவன் போகிறவனெல்லாம் கேட்டான்.

"தம்பிகிட்ட போங்க" என்றாள் மனைவி.

"அவன்கிட்டயா? நானா? அதுக்குப் பதிலா கழுத்துல கல்லைக் கட்டிக்கிறேன்."

"அது ஏற்கெனவே கட்டித்தான் இருக்கு. நீங்க போகலேன்னா அவனை இங்க வரச் சொல்றேன். நடு ஹால்ல, ஜன்னலையெல்லாம் தெறந்து வச்சு, எதிர்வீடு பாக்கப் பாக்கக் கத்துக்கலாம்."

மறுநாளே கிளம்பிவிட்டார்.

வகுப்பு ஒரு டயர் கடையின் மாடியில். தொப்பியை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டு, திருட்டுத்தனமாக எங்கோ போகிறவர் மாதிரி படியேறினார். ரப்பர் வாடை கூடவே மேலே வந்தது. உள்ளே ஏழெட்டுப் பேர். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற போஸ்ட்மேன் ஒருவர், முதல் வரிசையில் ரப்பர் பொம்மை மாதிரி வளைந்துகொண்டிருந்தார்.

"வாங்க மாமா. கடைசி வரிசையில எடம் இருக்கு" என்றான் மச்சினன். கேலி இல்லை, கண்ணில் ஒரு சிரிப்புகூட இல்லை. அதுதான் உச்சாணிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திருப்பிக் கொடுக்க ஏழெட்டுப் பதில்கள் தயாராக வைத்திருந்தார்.

முதல் வேலை, மல்லாந்து படுப்பது. மச்சினன் அருகில் உட்கார்ந்து அவர் கையை மெல்லத் தூக்கினான்.

"கையோட கனத்தை எங்கிட்ட விட்டுடுங்க மாமா. நீங்க தாங்க வேணாம்."

"விட்டுட்டேனே."

மச்சினன் தன் கையை எடுத்தான். உச்சாணியின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. விரல்கள்கூட எதையோ பிடித்திருப்பதுபோல மடங்கியிருந்தன.

"இப்ப இதை யாரு பிடிச்சிட்டு இருக்கா?" என்று மச்சினன் மெதுவாகக் கேட்டான்.

உச்சாணி கண்ணைத் திறந்து தன் கையைப் பார்த்தார். கீழே இறக்கு என்று அதற்குச் சொன்னார். இறங்கியது, ஆனால் அவர் இறக்கினார், அதுவாக விழவில்லை. திரும்பத் திரும்பச் செய்தும் அன்று முழுக்க அந்தக் கை தானாக விழவேயில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு நடந்தார். தூங்கும்போதும் இந்தக் கை லீவரைப் பிடித்துக்கொண்டுதான் கிடக்கிறதோ?

அதன்பிறகு ஒரு நாளும் மட்டம் போடவில்லை. நேராக நிற்பதே ஓர் ஆசனம் என்றபோது, "நிக்கிறதுக்கும் ஃபீஸா?" என்று முணுமுணுத்தார். ஆனால் பாதம் முழுவதையும் தரையில் பதித்து, தொடையை இறுக்கி, தோளைத் தளர்த்தி நின்றால் சற்று நேரத்திலேயே முழங்கால் ஆடியது. பூனை மாதிரி நான்கு காலில் நின்று முதுகை மேலும் கீழும் வளைத்தால் முதுகெலும்பு நறநறவென்று பேசியது. குப்புறப் படுத்து பாம்பு மாதிரி நெஞ்சைத் தூக்கினார். இரண்டு கையையும் கால்நுனியையும் ஊன்றி உடம்பைப் பலகையாக நிறுத்தும்போது, ஏணியில் நடுங்கிய அதே நடுக்கம் கையில் வந்தது. மச்சினன் அவரை அதில் அதிக நேரம் நிறுத்த மாட்டான். "நடுக்கம் வந்ததும் முழங்காலை ஊன்றிடுங்க. மூச்சு நிக்கக் கூடாது. மூச்சு நின்னா அது பலம் இல்ல, வீம்பு."

கடைசியில் சவாசனம். செத்த பிணம் மாதிரிக் கிடக்க வேண்டும். ஒரு நாள் நன்றாகக் கிடந்தார். யாரோ தோளைத் தட்டினார்கள். போஸ்ட்மேன்தான்.

"சார், சவம் குறட்டை விடக் கூடாது."

அறையே சிரித்தது. உச்சாணியும் சிரித்தார். வேறொருவர் தன்னைக் கேலி செய்து, அதற்குத் தானும் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

ஆனாலும் பழைய குணம் போகவில்லை. போஸ்ட்மேன் காலை நீட்டி உட்கார்ந்து, குனிந்து, நெற்றியை முழங்காலில் வைப்பார். தன்னைவிட மூத்தவர்! உச்சாணிக்குப் பொறுக்கவில்லை. மச்சினன் அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது, பல்லைக் கடித்துக்கொண்டு கால்விரலைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். தொடையின் பின்பக்கம் சடக்கென்று பிடித்துக்கொண்டது.

மச்சினன் முகம் சிவந்ததை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். எல்லோரும் போனபின் ஐஸ் பையை அவர் தொடையில் வைத்துக்கொண்டே கேட்டான். "யாரை ஜெயிக்கப் போறீங்க மாமா? அவர் உங்க கூட போட்டி போடவே இல்லையே. கிரேன்ல இப்படி வெடுக்குன்னு இழுப்பீங்களா?"

"இழுத்தா கயிறு போயிடும்."

"அப்புறம்?"

நொண்டியபடி இறங்கியவரை மச்சினன் டயர் கடைக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார வைத்தான். இரண்டு டீ வந்தது. சும்மா இருப்பதற்குப் பதில் ஒரு பேச்சாக, "நல்ல வேலைய எதுக்குடா விட்ட?" என்றார்.

மச்சினன் டம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நான் விடல மாமா. ஆபீஸ் படிக்கிட்ட போனாலே நெஞ்சு அடிச்சுக்கும். வேர்த்து ஊத்தும். சுவத்தைப் பிடிச்சிட்டு நிப்பேன். ஒரு நாள் ஏறவே முடியல. ஹார்ட்டுல ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. கூட வேலை பார்த்த ஒருத்தர்தான் ஒரு யோகா கிளாஸுக்குக் கூட்டிட்டுப் போனார். அங்க முதல்ல கத்துக்கிட்டது ஆசனமே இல்ல. மூச்சு முழுசா வெளிய போற வரைக்கும் பொறுத்திருக்கிறது. அது வந்ததும்தான் மத்ததெல்லாம் வந்துச்சு."

"உங்க அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. யாருக்கும் சொல்லல."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா."

"சொல்லியிருந்தா?"

உச்சாணி யோசித்தார். "சிரிச்சிருப்பேன்" என்றார்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் மச்சினன்தான் சிரித்தான். டீ ஆறிப்போயிருந்தது, இன்னொன்று சொன்னார்கள்.

தொடை சரியாகும்வரை மூச்சுப்பயிற்சி மட்டும். மச்சினன் அவருக்கென்றே ஒன்று சொல்லிக் கொடுத்தான். "மேல இருக்கும்போது, ஒரு சுமையை எறக்கி முடிச்சதும் அடுத்ததுக்குத் தாவாதீங்க. தாடையைத் தளர்த்துங்க. தோளைக் கீழ விடுங்க. இழுத்த மூச்சைவிட விடுற மூச்சு நிதானமா போகட்டும். அப்புறம் கழுத்தை மெதுவா ரெண்டு பக்கமும் திருப்புங்க. யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது."

ஸ்டோர் அறையில் ஹெல்மெட் அடுக்கிக்கொண்டே அதைப் பழகினார். வெயில் காலம் போய் மழைக்காலம் வந்தது. ஒரு நாள் வகுப்பில் மச்சினன் கையைத் தூக்கிவிட்டபோது அது பொத்தென்று விரிப்பில் விழுந்தது. மச்சினன் அடுத்தவரிடம் போய்விட்டான். உச்சாணி கண்ணை மூடியபடியே கையை அது விழுந்த இடத்திலேயே கிடக்க விட்டார்.

டாக்டர் ரத்த அழுத்தத்தைப் பார்த்தார், கழுத்தைத் திருப்பிப் பார்த்தார், கையைப் பிடித்து இழுக்கச் சொன்னார். மாத்திரையை நிறுத்தவில்லை, அளவைக் குறைத்து, கையெழுத்துப் போட்டார்.

மீண்டும் ஏணி ஏறிய நாளில் உச்சாணி ஏணிக்கு நடுவிலிருந்த தட்டில் நின்றார். இளைப்பாற அல்ல, வேடிக்கை பார்க்க. இத்தனை வருஷத்தில் அவர் அங்கிருந்து ஊரைப் பார்த்ததே இல்லை.

மேலே போன பிறகு வந்த சோதனை, காற்று. ஜன்னல் கண்ணாடிகள் அடுக்கிய இரும்புச் சட்டம் ஒன்றைத் தூக்கிப் பாதி உயரம் கொண்டுவந்திருந்தார். எச்சரிக்கை மணி அடிப்பதற்குள் காற்று ஓங்கி அடித்தது. சட்டம் ஊஞ்சலாட ஆரம்பித்தது. கீழே ஆட்கள்.

"அண்ணே! அண்ணே, ஆடுது!" சிக்னல்காரர் குரல் உடைந்தது.

லீவரை எதிர்ப்பக்கம் வெட்டி இழுக்கத்தான் கை துடிக்கும். அப்படி இழுத்தால் ஆட்டம் இரட்டிப்பாகும். தாடை இறுகுவது உச்சாணிக்குத் தெரிந்தது. தெரிந்ததும் தளர்ந்தது. மூச்சை முழுசாக வெளியே விட்டார்.

"பதறாதப்பா. ஆளுங்களை மட்டும் தள்ளி நிக்கச் சொல்லு. சட்டத்தை நான் பாத்துக்கிறேன்."

சட்டம் போகிற பக்கமே கொக்கியையும் மெல்ல ஓட்டினார். அது திரும்பும்போது தானும் திரும்பினார். துள்ளுகிற மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவது மாதிரி. ஆட்டம் குறைந்தது, இன்னும் குறைந்தது, நின்றது. காலியான இடம் பார்த்துத் தரையில் இறக்கினார். ஒரு கண்ணாடியிலும் கீறல் விழவில்லை.

பிறகு சிக்னல்காரர் வாக்கிடாக்கியில் கேட்டார்:

"அண்ணே, வாக்கிடாக்கி ரிப்பேரா?"

"ஏன், நல்லாத்தானே கேக்குது?"

"இல்ல, திட்டே வரலியே. அதான் கேட்டேன்."

உச்சாணி சிரித்துவிட்டு, "அன்னிக்கு என்னை எறக்கிக் கூட்டிட்டு வந்தியே" என்றார். "அதுக்கு நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லலப்பா."

"அதுக்கென்னண்ணே. எறக்குறதுதான என் வேலை."

அதற்காக உச்சாணி அடியோடு மாறிவிட்டார் என்று சொல்ல முடியாது. குளிர்ந்த காலைகளில் கழுத்து இன்னும் முனகும். கோபமும் வரும், வந்து, பாதி வழியில் தனக்கே அலுத்துப்போய்த் திரும்பிவிடும். மச்சினனைப் பற்றி வீட்டுக்கு வருகிறவர்களிடம் இப்போதும் பேசுகிறார், வேறு மாதிரி. "உங்களுக்கு முதுகுவலியா? எங்க மாஸ்டர்கிட்ட வாங்க" என்று ஆள் பிடிக்கிறார்.

அப்படித்தான் மனைவியையும் ஒரு விடுமுறை நாளில் இழுத்துக்கொண்டு போனார். நாள் முழுக்கத் தையல் மிஷின் மேல் குனிந்திருப்பவள். அவள் தோளைப் பற்றி யாரும் கேட்டதில்லை, அவரும் கேட்டதில்லை. "எனக்கெல்லாம் இது வராதுங்க" என்று சொல்லிக்கொண்டே விரிப்பில் உட்கார்ந்தாள். காலை நீட்டச் சொன்னான் தம்பி. நீட்டினாள். குனியச் சொன்னான். அவள் பாட்டுக்குக் குனிந்து, அலட்டிக்கொள்ளாமல் நெற்றியை முழங்காலில் வைத்தாள்.

போஸ்ட்மேன் கைதட்டினார்.

உச்சாணிக்குக் கொஞ்சம் வயிறெரியத்தான் செய்தது. மூச்சை நிதானமாக வெளியே விட்டுவிட்டு, தானும் குனிந்து, நெற்றி முழங்காலைத் தொட ஒரு சாண் இருக்கும்போதே நிறுத்திக்கொண்டார்.